புகையிலைக் கட்டுப்பாட்டுக் கல்வி: பீளமேட்டுக் கல்வி வளாகங்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

புகையிலையின் தீமையைச் சொல்வதும் புகையிலைக் கட்டுப்பாட்டைக் கற்பிப்பதும் ஒன்றல்ல. முன்னது அறிவிப்பு, பின்னது கல்வி. கல்லூரிகளும் நலவாழ்வுத் துறையும் இணைந்து மேற்கொள்ளும் முயற்சிகள் அறிவிப்பின் எல்லையைத் தாண்டுவதற்குத் தடையாக இருப்பவை எவை என்பதைக் கோயம்புத்தூர் பீளமேட்டுப் பின்னணியில் இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்டமும் மதிப்பெண் அட்டையும்

சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் (2003) 6ஆம் பிரிவு, 18 வயதுக்கு உட்பட்டோர்க்குப் புகையிலைப் பொருள் விற்பதையும், கல்வி நிறுவனத்தைச் சுற்றி 100 கஜத் தொலைவுக்குள் விற்பதையும் தடை செய்கிறது. பொது இடங்கள் பற்றிய 4ஆம் பிரிவோ புகைபிடித்தலை மட்டுமே தடுக்கிறது. இவ்விடைவெளியை ஒன்றிய நலவாழ்வு அமைச்சகம் 2019இல் திருத்தி வெளியிட்ட 'புகையிலையற்ற கல்வி நிறுவனம்' வழிகாட்டுதல் ஓரளவு நிரப்பியது. அறிவிப்புப் பலகை, கண்காணிப்பாளர் நியமனம், ஆறு மாதத்திற்குள் ஒரு விழிப்புணர்வு நிகழ்வு, 100 கஜ எல்லைக் குறியீடு முதலியவை அதன் மதிப்பெண் அட்டையில் இடம்பெறுகின்றன. இவை எண்ணத்தக்கவை. மாணவர் எதைக் கற்றார் என்பதை இவற்றால் அளக்க இயலாது.

'புகை' என்னும் சொல்லின் குறுக்கம்

'புகை நமக்குப் பகை' என்னும் முழக்கம் எதுகையால் மனத்தில் தங்கிவிட்டது. ஆனால் அது ஆபத்தைப் புகையோடு நிறுத்திவிடுகிறது. மெல்லும் புகையிலையும் உதட்டிடுக்கில் அடக்கும் பொட்டலமும் அதன் பொருளெல்லைக்கு வெளியே நிற்கின்றன. 2016-17ஆம் ஆண்டின் உலகளாவிய வயதுவந்தோர் புகையிலை ஆய்வின்படி இந்தியாவில் புகைப்போர் 10.7 விழுக்காடு, புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துவோர் 21.4 விழுக்காடு. முந்தைய ஆய்வுக் காலமான 2009-10உடன் ஒப்பிடுகையில், புகையிலைப் பயன்பாடு நாடு முழுவதும் 34.6இலிருந்து 28.6 விழுக்காடாகக் குறைந்தது, தமிழ்நாட்டில் 16.2இலிருந்து 20.0 விழுக்காடாக உயர்ந்தது.

கொங்கு நாட்டில் புகையிலை ஒரு பழக்கம் மட்டுமன்று. வெற்றிலைத் தட்டில் இடம்பெறும் பொருள், ஈரோட்டுப் பகுதி உழவர்களின் பயிர். இலையை விளைவிக்கும் வீட்டிலிருந்து வரும் மாணவருக்கு அதைத் தீமை என்று மட்டும் சொல்வது பாதிப் பாடமே. இந்தியா 2004இல் ஏற்புறுதி அளித்த உலகச் சுகாதார அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை, 12ஆம் உறுப்பில் கல்வியையும் பயிற்சியையும், 17ஆம் உறுப்பில் உழவர், தொழிலாளர்க்கான மாற்று வாழ்வாதாரத்தையும் வலியுறுத்துகிறது. வகுப்பறை முன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னதை விட்டுவிடலாகாது.

மதிலும் சாலையும்

பீளமேட்டில் பூ.சா.கோ. கல்வி நிறுவனங்கள், கோவை அரசு மருத்துவக் கல்லூரி (1966), கிருஷ்ணம்மாள் மகளிர் கல்லூரி (1963) ஆகியன அவிநாசி சாலையை ஒட்டிய ஒரே வட்டாரத்தில் அமைந்துள்ளன. மருத்துவக் கல்லூரிகள் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தையும், பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தையும், கலை அறிவியல் கல்லூரிகள் பாரதியார் பல்கலைக்கழகத்தையும் சார்ந்தவை. மதிப்பெண் அட்டை நிறுவனத்தைத் தனித்தனியாக அளக்கிறது. தேநீர்க் கடையோ அனைவருக்கும் பொது. ஒரு கல்லூரியின் எல்லையிலிருந்து விலக்கப்படும் விற்பனை அடுத்த கல்லூரியின் வாயிலுக்கு நகரலாம். எனவே அளவீட்டின் அலகு வளாகமாக இல்லாமல் வட்டாரமாக இருத்தல் வேண்டும்.

கண்காணிப்பாளர் என்னும் பொறுப்பிலும் ஒரு முரண் உண்டு. ஒழுங்கு நடவடிக்கைக்கு வழிவகுப்பவரிடம், பழக்கத்திற்கு ஆளான மாணவர் உதவி கேட்டு வரமாட்டார். நலவாழ்வுத் துறையின் பங்களிப்பு இங்கேதான் இன்றியமையாதது: கல்லூரி நிர்வாகத்திற்குப் பெயர் தெரியாதபடி, பழக்கத்தைக் கைவிட ஆலோசனை வழங்கும் தனி வாயிலை அதனால் திறக்க இயலும். 2018 முதல் புகையிலைப் பொட்டலங்களில் அச்சாகும் 1800-11-2356 என்னும் இலவச உதவி எண்ணும் இக்கல்வியின் பாடமாக வேண்டும். உலகப் புகையிலை எதிர்ப்பு நாளாகிய மே 31, கலைக் கல்லூரிகள் பெரும்பாலும் கோடை விடுமுறையில் இருக்கும் காலம் என்பதால், அந்நாளை மட்டும் நம்பிய நிகழ்வு மாணவரைச் சென்றடைவதும் அரிது.

முடிவுரை

கூட்டுமுயற்சி என்பது ஒரு நாள் சிறப்புரையாளரை அனுப்புவதன்று, பணியைப் பகிர்வது. சமூக மருத்துவத் துறை ஆலோசனையையும், சமூகப்பணித் துறை கடைவீதி ஆய்வையும், தமிழ்த்துறை முழக்கங்களின் மொழியையும் ஏற்கலாம். 'புகை'யிலிருந்து 'புகையிலை'க்கு நகரும் ஒரு சொல், பாடத்திட்டத்தின் எல்லையையே மாற்றும். ஆண்டு முடிவில் எண்ண வேண்டியவை நடந்த கூட்டங்கள் அல்ல. பழக்கத்தைக் கைவிட உதவி நாடியவர்களும், அதைக் கைவிட்டவர்களுமே.