கிளாசிக் பாஞ்சோ: பழைய தாள்களும் பழைய தட்டுகளும்

கிளாசிக் பாஞ்சோ என்பது ஐந்து தந்திப் பாஞ்சோவை வெறும் விரல்நுனிகளால் மீட்டி, எழுதப்பட்ட இசைத்தாளைப் பின்பற்றி வாசிக்கும் முறை. ஏறத்தாழ 1880 முதல் 1920 வரை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் செழித்திருந்தது. இன்று அதைத் தொழிலாகக் கொண்டவர்கள் மிகச் சிலரே. பழைய இசைத்தாள்களைத் தேடி எடுத்து, படியெடுத்து, ஒருவருக்கொருவர் பகிர்ந்து, கூடி வாசிக்கும் ஆர்வலர்களே இதைக் காப்பாற்றி வருகின்றனர்.

பெயரில் உள்ள 'கிளாசிக்' என்ற சொல் தமிழ் வாசகரைக் குழப்பக்கூடும். இது மேற்கத்திய செவ்வியல் இசை அன்று. அணிவகுப்பு இசை, வால்ட்ஸ், கேக்வாக், ராக்டைம் போன்ற அக்காலத்து வெகுமக்கள் இசையே இதன் சரக்கு. ஆல்ஃபிரட் ஃபார்லண்ட் போன்ற சிலர் பீத்தோவனின் இசையைப் பாஞ்சோவில் வாசித்துப் புகழ்பெற்றது உண்மை. ஆனால் அது விதிவிலக்கு. நம் நாட்டில் 'பேஞ்சோ' என்று பலர் அழைக்கும், பொத்தான்களை அழுத்தி வாசிக்கும் புல்புல் தாராவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

கருவியும் ஒலியும்

கஞ்சிராவைப் போலத் தோல் இழுத்துக் கட்டிய ஒரு வட்டம், அதிலிருந்து நீளும் ஒரு கழுத்து, இதுவே பாஞ்சோ. ஐந்தாவது தந்தி மற்றவற்றைவிடக் குட்டையானது. அதன் பிருடை கழுத்தின் நடுவே, ஐந்தாம் மெட்டுக்கு அருகில் இருக்கும். கட்டைவிரலுக்கு மிக அருகில் உள்ள இத்தந்திதான் ஐந்திலும் உச்ச ஒலி தருவது. முதன்முறை பார்ப்பவருக்கு இது விந்தையாகத் தோன்றும்.

கிளாசிக் முறையின் உயிர் அதன் தந்திகளில் இருக்கிறது. அக்காலத்தில் அவை விலங்குக் குடலால் ஆனவை. யாழின் தந்தியை 'நரம்பு' என்று சொன்ன தமிழ் வழக்கு இதற்கு நன்றாகப் பொருந்தும். இன்று பெரும்பாலோர் நைலான் கட்டுகின்றனர். 1940-களில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் வழியாகப் புகழடைந்த புளூகிராஸ் பாஞ்சோ வேறு வகை. அதில் எஃகுத் தந்தி, விரலில் உலோக மீட்டி, இடைவிடாமல் உருளும் ஓசை. கிளாசிக் முறையிலோ ஒவ்வொரு சுரமும் தனித்துத் தெறித்து உடனே அடங்கும். அந்த அடக்கமே இதன் அழகு. சுரம் நீண்டு ஒலிக்காததால், இசையமைப்பவர் இடைவெளியைக் கணக்கிட்டே எழுத வேண்டியிருந்தது.

வேகம் என்னும் மயக்கம்

இந்த இசைக்கு இரண்டு சான்றுகள் உள்ளன: அச்சான தாள்கள், ஒலிப்பதிவுகள். ஆர்வலர்கள் பெரும்பாலும் ஒலிப்பதிவின் பக்கமே சாய்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. 1925 வரை ஒலிப்பதிவு என்பது மின்சார ஒலிவாங்கி இல்லாமல், ஒரு பெரிய குழலுக்கு முன் வாசிப்பதாக இருந்தது. வயலினின் மென்மையான ஒலி அதில் சரியாகப் பதியவில்லை. பாஞ்சோவின் தெறிப்பு நன்றாகப் பதிந்தது. அதனால் அந்தத் தொடக்க காலத்தில் மிக அதிகமாகப் பதிவு செய்யப்பட்ட கருவிகளுள் பாஞ்சோவும் ஒன்றாயிற்று.

வெஸ் ஆஸ்மன் (1868–1923) இதில் முதன்மையானவர். ஸ்காட் ஜோப்லினின் 'மேப்பிள் லீஃப் ராக்' இசையை அவர் 1907-இல் பதிவு செய்தார். அவருடைய உருளைகளைக் கேட்டே ஃபிரெட் வான் எப்ஸ் (1878–1960) கற்றார், பின்னர் அவருக்கே போட்டியானார். ஏகலைவன் கதையை நினைவூட்டும் நிகழ்வு இது, கட்டைவிரல் மட்டும் தப்பியது.

இப்பதிவுகளின் வேகம் இன்றைய வாசிப்பாளர்களை மயக்குகிறது. கூட்டங்களில் ஒருவர் ஒரு ராக்டைமை ஆஸ்மனைவிட விரைவாக வாசித்தால் கைதட்டல் கிடைக்கிறது. ஆனால் அந்த வேகத்தை அளவுகோலாகக் கொள்வது தவறு. பழைய உருளையில் இரண்டு நிமிடம், தட்டில் மூன்று நிமிடம் என்ற அளவிலேயே இடம் இருந்தது. அதற்குள் இசையை முடிக்க வேண்டும். மேலும் அக்காலத்தில் தட்டு சுழலும் வேகம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறியது. எல்லாவற்றையும் நிமிடத்துக்கு 78 சுற்று என்று ஓட்டிக் கணினியில் ஏற்றினால், அதைவிட மெதுவாகச் சுழன்று பதிவானவற்றில் சுருதியும் ஏறும், வேகமும் ஏறும். ஆஸ்மனின் திறமை என்று வியக்கப்படுவதில் ஒரு பகுதி மோட்டாரின் திறமையாகவும் இருக்கலாம். சுருதியைச் சரிபார்க்காமல் பகிரப்படும் கோப்பு கற்பவருக்குத் தீங்கே செய்யும்.

வான் எப்ஸ் 1950-களில், எழுபது வயதைக் கடந்தபின், மீண்டும் சில இசைகளைப் பதிவு செய்தார். மின் ஒலிவாங்கியில் பதிவான அவற்றில்தான் விரல்நுனியின் தன்மையும் ஒலியின் ஏற்றத்தாழ்வும் தெளிவாகக் கேட்கின்றன. கற்பவர்கள் முதலில் கேட்க வேண்டியவை இவையே.

தாள்களின் பக்கம்

தாள்களிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய அமெரிக்கப் பதிப்புகளில் எழுதப்பட்ட சுரம் ஒன்று, கேட்கும் சுரம் மற்றொன்று. மூன்று அரைச்சுரம் கீழே எழுதுவது அவர்கள் வழக்கம். இங்கிலாந்தில் ஒலிக்கும் சுருதியிலேயே எழுதினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கரும் அதற்கு மாறினர். இதை அறியாமல் பழைய தாளை எடுத்து வைத்து வாசித்தால் விரல்கள் போகாத இடமெல்லாம் போகும். அத்தாள்களைப் பொறுமையாக மாற்றி எழுதிப் பகிர்பவர்களின் உழைப்பு மேடையில் தெரிவதில்லை. ஆனால் இந்த இசை நிற்பது அந்த உழைப்பின் மேல்தான்.

தாள்களை முதன்மையாகக் கொண்டு பார்த்தால் வரிசை மாறிவிடும். ஆஸ்மனுக்கு முன்னால் ஜோ மார்லி (1867–1937) வந்து நிற்பார். இங்கிலாந்தைச் சேர்ந்த மார்லி நூற்றுக்கணக்கான பாஞ்சோ இசைகளை இயற்றியவர். அவற்றுள் பலவற்றை லண்டனில் கிளிஃபர்ட் எசெக்ஸ் வெளியிட்டார். 'டாங்கி லாஃப்' போன்ற விளையாட்டான இசைகளால் அறியப்பட்டாலும், அவருடைய சிறப்பு நடுத்தர வேகத்தில் எழுதிய இசைகளில்தான் உள்ளது. இடக்கை கழுத்தின் மேல் எந்த இடத்தில் இருக்கிறது, அங்கிருந்து எந்தச் சுரம் எளிதில் கிடைக்கும் என்பதை அறிந்தே அவர் எழுதினார். பியானோவுக்கு எழுதியதைப் பாஞ்சோவுக்கு மாற்றியவர்களிடம் இந்த அறிவைக் காண முடியாது. மார்லியை விரைந்து வாசிப்பவர்கள் அவரை ஆஸ்மனின் நிழலாக்கிவிடுகிறார்கள்.

விடுபட்ட பெயர்கள்

ஆர்வலர்களின் தொகுப்புகளில் பெருங்குறை ஒன்று உண்டு. பாஞ்சோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் உருவாக்கிய கருவி. 1840-களில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு நடத்திய மின்ஸ்ட்ரல் கேலிக்கூத்துகளின் வழியாக அது பெருமேடைக்கு வந்தது. பிலடெல்பியாவில் பாஞ்சோ செய்து விற்ற எஸ். எஸ். ஸ்டூவர்ட் போன்றோர் 1880-களில் அதைக் கூத்துமேடையிலிருந்து விலக்கி, நடுத்தர வர்க்கத்தின் வரவேற்பறைக்குக் கொண்டுசெல்ல முயன்றனர். 'உயர்த்துதல்' என்பது அவர்களின் முழக்கம். அவ்வாறு உயர்த்தும்போது கருவியை உருவாக்கியவர்கள் கீழேயே விடப்பட்டனர்.

இதே ஸ்டூவர்ட்தான் கறுப்பினக் கலைஞர் ஹொரேஸ் வெஸ்டனை (1825–1890) மெச்சி எழுதி, அவருடைய இசைகளையும் வெளியிட்டார். கனடாவில் பிறந்த கறுப்பினச் சகோதரர்களான ஜேம்ஸ் போஹீ, ஜார்ஜ் போஹீ இருவரும் 1880-களில் லண்டனில் பாஞ்சோ கற்பித்தனர். வேல்ஸ் இளவரசரும் ஜேம்ஸிடம் கற்றார். 'கிளாசிக்' மரபின் தொடக்கத்தில் நிற்பவர்கள் இவர்கள். ஆயினும் பல தொகுப்புகள் ஆஸ்மனிலிருந்தே தொடங்குகின்றன. ஒலிப்பதிவை அளவுகோலாக்கியதன் விளைவு இது. ஒலிப்பதிவு வணிகம் பெருகும் முன்பே இறந்த வெஸ்டனுக்குத் தட்டு ஏது?

அச்சிட்ட தாள்களில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் தலைப்புகளும் அட்டைப் படங்களும் நிறைய உண்டு. சிலர் தலைப்பை மாற்றிப் பகிர்கின்றனர். சிலர் எதுவும் சொல்லாமல் அப்படியே தருகின்றனர். இரண்டும் சரியல்ல. மாற்றினால் வரலாறு மறையும், அப்படியே தந்தால் இழிவு தொடரும். தலைப்பை ஆவணத்தில் வைத்து, அது யாரை இழிவுபடுத்த எழுதப்பட்டது என்ற குறிப்பை அதே பக்கத்தில் சேர்ப்பதே நேர்மை. மேடை நிகழ்ச்சி நிரலில் அதை அச்சிட வேண்டிய தேவை இல்லை.

1948-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட அமெரிக்கன் பாஞ்சோ ஃபிரட்டர்னிட்டி, எஃகுத் தந்தி அலை எழுந்த காலத்தில் இம்முறையை அழியாமல் காத்தது. அதன் தொண்டு பெரியது. காத்தவர்கள் எதை முதலில் கேட்கச் சொல்கிறார்கள் என்பதும் அதே அளவு முக்கியம். வெஸ்டனின் 'மைனர் ஜிக்' இசையை இன்று சிலர் வாசிக்கின்றனர். அதன் தாள் எஞ்சியிருக்கிறது, ஒப்பிட்டு ஓடுவதற்கு வெஸ்டனின் பதிவு எதுவும் இல்லை. ஆகவே வாசிப்பவர் வேகத்தைத் தாமே முடிவு செய்தாக வேண்டும்.