முன்னோடியும் குடியேறியும்: ஜூடித் ரைட்டின் இரு குடும்ப வரலாறுகள்

ஆஸ்திரேலியக் கவிஞர் ஜூடித் ரைட் (1915–2000) தம் குடும்ப வரலாற்றை இருமுறை எழுதினார். 'மனிதரின் தலைமுறைகள்' (1959) அவர்தம் பாட்டனார் ஆல்பர்ட், பாட்டியார் மே ஆகியோர் குவீன்ஸ்லாந்தில் மேய்ச்சல் பண்ணை அமைத்த வரலாறு. 'இறந்தோருக்கான ஓலம்' (1981) அதே நிலத்திற்கே மீள்கிறது. ஆயின் அங்கு வாழ்ந்த வாட்ஜா மக்கள் நிலமிழந்தமையே அதன் பொருள். முதல் நூலில் ஓரத்தில் நின்ற பூர்வகுடியினர் இரண்டாவதில் நடுவிடம் பெறுகின்றனர்.

இவ்விரண்டையும் தமிழில் பெயர்ப்போர்க்குச் சொற்றேர்வே முதற்சிக்கல். 'பயனியர்' என்பதற்கு வழங்கும் 'முன்னோடி' பாராட்டுச் சொல். முன்னே ஓடியவரை அது காட்டுமேயன்றி, முன்பே இருந்தவரைக் காட்டாது. முதல் நூலின் தொனிக்கு அது பொருந்தும். இரண்டாம் நூலிலும் அதனையே ஆண்டால் ஆசிரியரின் மறுபார்வை மறைந்துவிடும். 'வந்தேறி' இகழ்ச்சிப் பொருளது. அது ஆசிரியர் கூறாத வசையை அவர்மேல் ஏற்றும். 'குடியேறி' என்பதே ஈண்டு ஏற்புடையது.

'இன்ஹெரிட்டன்ஸ்' என்பதை 'வாரிசுரிமை' எனப் பெயர்த்தல் வழக்கம். ஆயின் இங்கு 'உரிமை'யே வழக்கிற்குரிய பொருள். ஆஸ்திரேலிய நிலம் உரியவரற்றுக் கிடந்தது என்னும் கோட்பாட்டை அந்நாட்டின் மிக உயரிய நீதிமன்றம் 1992-இல் மாபோ வழக்கில் தள்ளியது. அதற்குப் பதினோர் ஆண்டுகள் முன்னரே ரைட் தம் குடும்பத்தின் உடைமையை வினாவுக்கு உட்படுத்தினார். 'முன்னோர் விட்டுச்சென்றது' என்னும் தொடர் நீளமாயினும் சொத்து, பழி ஆகிய இரண்டற்கும் இடந்தருகிறது. இரண்டாம் நூலின் மொழிபெயர்ப்பு அவ்விரண்டையும் ஒருங்கே சுமத்தல் வேண்டும்.