மயிலாப்பூரில் ஆசியர் இல்லை

என் தங்கையின் பேரன் வீடியோ விளையாட்டுத் தொழிலில் இருக்கிறான். 'தொழில்' என்று எழுதும்போதே என் பேனா சற்றுத் தயங்குகிறது. விளையாடுவதற்கு ஒருவனுக்குச் சம்பளமா என்று வியக்கும் தலைமுறை என்னுடையது. ஆனால் அவன் விளையாடுவதில்லை. தரமணிப் பக்கம் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, வெளிநாட்டார் தயாரிக்கும் விளையாட்டுகளுக்குக் கதவு, சுவர், துப்பாக்கி, மரம் என்று சாமான்கள் செய்து கொடுக்கிறான். ஒரு கதவுக்கு நாலு நாள் ஆகுமாம். விளையாடுகிறவன் அதை ஒரே உதையில் உடைத்துக்கொண்டு போய்விடுவானாம்.

"கடைசியிலே உன் பேர் வருமோ?" என்று கேட்டேன்.

"கம்பெனி பேர் வரும் தாத்தா. சில சமயம் அதுவும் வராது."

எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைக் கேட்டு வயிறு கலங்காமல் இராது.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடையாற்றிலிருந்து வந்தவன், வெளிநாடுகளில் இந்தத் தொழிலில் உள்ள ஆசியர்கள் தங்கள் இனத்தை விளையாட்டுகளில் எப்படிக் காட்டுகிறார்கள் என்று ஓயாமல் விவாதிப்பதைப் பற்றிச் சொன்னான். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. மயிலாப்பூரில் வடக்கு மாட வீதிக்காரர் உண்டு, தெற்கு மாட வீதிக்காரர் உண்டு. ஆசியர் என்று ஒருவரும் கிடையாது. கடல் தாண்டினால்தான் அந்தப் பட்டம் கிடைக்கிறது. அதைக் கொடுப்பவனும் எதிரே நிற்கிறவன்தான்.

அந்தப் பெயருக்குள் இருப்பவர்களாவது ஒருவரை ஒருவர் அறிவார்களா? 1991-ல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' என்ற சண்டை விளையாட்டில் தால்சிம் என்று ஓர் இந்தியன் வருகிறான். கழுத்தில் மண்டை ஓட்டு மாலை. யோக பலத்தால் கையும் காலும் ரப்பர் போல் நீளும். வாயிலிருந்து தீ பறக்கும். பின்னால் யானைகள் நின்று பிளிறும். இவனைப் படைத்தவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்லர். ஒஸாகா நகரத்துக் கேப்காம் கம்பெனியார், அதாவது ஜப்பானியர், ஆசியர்! பேரன் பத்து வயதில் தி. நகரில் ஒரு கடை மாடியில் காசு போட்டுப் போட்டு இவனாகவே ஆடுவானாம். "நம்ம ஆள் இவன் ஒருத்தன்தானே தாத்தா" என்றான். வெட்கப்படுவதா பெருமைப்படுவதா என்று தெரியாத அந்த முகத்தை நான் வெகு நேரம் மறக்கவில்லை.

இப்போது சம்பளம் வாங்கும் வயதிலும் அவனுக்கு விமோசனம் இல்லை. ஒரு வெளிநாட்டு விளையாட்டுக்கு இந்தியக் கடைத்தெரு வேண்டும் என்று வேலை வந்தது. மாதிரிப் படங்களில் மாடு, மசாலாக் குவியல், பாம்பாட்டிக் கூடை. "எங்க பாண்டி பஜார் இப்படி இல்லையே" என்று எழுதிக் கேட்டானாம். விளையாடுகிறவர்களுக்கு இது இந்தியா என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்று பதில் வந்தது. மாட்டைச் செய்து கொடுத்துவிட்டான். நல்ல மாடு என்று பாராட்டும் வந்தது.

இதற்கெல்லாம் மாற்று என்று அவன் கொண்டுவந்து காட்டியது 'வெண்பா' என்ற விளையாட்டு. கனடாவில் டொராண்டோ நகரத்து விஸாய் கேம்ஸ் என்ற சிறிய குழு செய்து 2023 ஜூலையில் வெளியிட்டது. சண்டை இல்லை, தீ இல்லை. 1988-ல் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்த் தம்பதி. அவர்களுக்கு ஒரு பிள்ளை. அம்மா எழுதிக் கொடுத்த சமையல் புத்தகம் ஒன்று, கிழிந்தும் மசி கலைந்தும். விட்டுப்போன வரிகளை ஊகித்து நாம் சமைக்க வேண்டும். முதல் பலகாரம் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி சரியாக ஏறும் என்று கண்டுபிடிக்க வேண்டும். நான் இரண்டு முறை தோற்றேன். "ஆவி எங்கே போறதுன்னு தெரியாமலே இத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கீங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. எந்த விமர்சகரும் என்னை இவ்வளவு சுருக்கமாகத் தாக்கியதில்லை.

இங்கேதான் இந்தப் படைப்பின் பலம் இருக்கிறது. இட்லியைக் காட்டி 'இதுதான் தமிழ்' என்று அது பிரகடனம் செய்யவில்லை. கையைப் பிடித்து வேலை வாங்குகிறது. யானையை நிறுத்தியவன் நம்மைப் பார்த்தான். இதைச் செய்தவர் நம் அடுப்படியில் நின்றிருக்கிறார். 2024-ல் பிரிட்டிஷ் அகாடமியார் முதல் படைப்புக்கான பரிசைக் கொடுத்தார்கள். சுயேச்சைப் படைப்பாளிகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவில் தலையாய பரிசும் கிடைத்தது.

பரிசு கிடைத்தது என்பதற்காக, நம்மவர் என்பதற்காக, குறையை விழுங்க முடியுமா? மொத்த விளையாட்டும் ஒன்றரை மணி நேரம்தான். வருஷங்கள் தாவித் தாவிப் போகின்றன. கணவன் பாவலன் நமக்குப் பழகுவதற்குள் அவன் மரணச் செய்தி வந்துவிடுகிறது. வெண்பாவில் ஈற்றடிக்குத்தான் மூன்று சீர். இந்த வெண்பாவில் நடு அடிகளிலேயே சீர் குறைகிறது. தியாகம் செய்யும் தாய் என்ற நம் சினிமாவின் பழைய பாத்திரமும் அடிக்கடி எட்டிப் பார்க்கிறாள். கடைசியில் அவள் தனக்கென்று ஒரு வாழ்வைத் தேடி இந்தியா திரும்புகிறாள் என்பதால் அவளை மன்னித்தேன்.

பேரனின் குறை வேறு. "அவர் டொராண்டோவிலே இருந்து பண்ணினார். இங்கேயே உட்கார்ந்து பண்ணினா யார் தாத்தா திரும்பிப் பார்ப்பாங்க?" என்றான். புனேக்காரர்களின் கதையையும் சொன்னான். 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' வரிசையில் 2003-ல் வந்த ஒரு விளையாட்டைப் புதுப்பிக்கும் பொறுப்பை யூபிஸாஃப்ட் என்ற பிரெஞ்சுக் கம்பெனி தன் புனே, மும்பைக் கிளைகளிடம் ஒப்படைத்தது. 2020-ல் முன்னோட்டம் வெளியானது, உலகமே பரிகசித்தது, 2022-ல் வேலை மான்ட்ரியாலுக்குப் போய்விட்டது. கதவு செய்கிறவன் வீடு கட்ட ஆசைப்பட்டால் இப்படித்தான் ஆகும் என்று அவன் நண்பர்கள் முடிவு கட்டிவிட்டார்களாம்.

நான் அப்படி முடிவு கட்டமாட்டேன். புலம்பெயர்ந்தவனுக்குப் புத்தகம் கிழிந்திருக்கிறது. அதுவே அவனுடைய கதை. நம் வீட்டில் கிழியாத புத்தகத்தை யாரும் புரட்டுவதில்லை. இங்கே இருக்கிறவனுக்குக் கதை வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

அது இருக்கிறது. தயங்கித் தயங்கி மடிக்கணினியைத் திறந்தான். 2019 கோடை, ஏரிகள் வறண்ட சமயம். தி. நகரில் ஒரு சந்து. பச்சையும் ஆரஞ்சுமாகப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நிற்கின்றன. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று தெரியாது. உங்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போக வேண்டும். அதற்கு யாரிடமாவது சொல்லி வைக்க வேண்டும். அவர்களுக்கு நேற்று நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரும். இவ்வளவுதான் விளையாட்டு. குடத்தின் கழுத்தில் யாரோ கட்டிய சிவப்புத் துணியைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு எழவில்லை.

பிறகு லாரி டிரைவர் வந்தான். முறுக்கு மீசை, லுங்கி, வாயில் பீடி, கோவைப்பழக் கண்.

"இவன் யார்?"

"டிரைவர், தாத்தா."

"இவன் உன்னுடைய தால்சிம்" என்றேன்.

முகம் சிவந்துவிட்டது. காபியைக்கூடப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினான். மூன்று வாரமாக ஆளைக் காணோம். நேற்று என் தங்கை போன் செய்து, விடியற்காலையில் எழுந்து லாரி ஷெட்டுக்குப் போய் டிரைவர்களோடு டீ குடித்துவிட்டு வருகிறானாம், பையனுக்கு என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்டாள்.