பாறையேற்ற ஆவணப்படங்கள்: ஒரு மதிப்பீடு

பாறையேற்ற ஆவணப்படங்கள் செங்குத்துப் பாறைகளிலும் மலைச்சுவர்களிலும் ஏறுபவர்களைப் பற்றிய படங்கள். இவை பெரும்பாலும் சாகசத் திரைப்பட விழாக்கள் வழியாகவே பார்வையாளர்களை அடைகின்றன. கனடாவின் பான்ஃப் நகரில் 1976 முதல் மலைத் திரைப்பட விழா நடைபெறுகிறது. அதன் படங்கள் பின்னர் இந்தியா உட்படப் பல நாடுகளில் திரையிடப்படுகின்றன. அமெரிக்காவில் 2006-ல் தொடங்கிய ரீல் ராக் விழா பாறையேற்றப் படங்களுக்கென்றே உருவானது.

இவ்வகைப் படங்களில் பல ஒரே வார்ப்பில் அமைந்தவை. ஒரு சுவர், முதல் தோல்வி, மறுமுயற்சி, உச்சியில் எழும் இசை என்று முடிந்துவிடும். நல்ல படங்கள் அந்த வார்ப்பைத் தாண்டி, ஏறுபவரின் ஆபத்தில் கேமராவுக்கும் பார்வையாளருக்கும் உள்ள பங்கைக் கேட்கின்றன. அதிகம் பேசப்பட்ட மூன்று படங்களை ஒரே மாலையில் அடுத்தடுத்துப் பார்த்தால் இக்கேள்வி வளர்வதைக் காணலாம்.

மேரு (2015)

உத்தராகண்டின் கங்கோத்ரி பகுதியில் உள்ள மேரு மலையின் 'சுறாத் துடுப்பு' எனப்படும் பாறைமுனையில் ஏறிய கதை. கான்ராட் ஆங்கர், ஜிம்மி சின், ரெனான் ஓஸ்டுர்க் மூவரும் 2008-ல் உச்சிக்கு ஏறத்தாழ 100 மீட்டர் கீழே திரும்பினர். 2011-ல் வென்றனர். எலிசபெத் சாய் வசர்ஹெலியுடன் இணைந்து இப்படத்தை இயக்கியவர் ஜிம்மி சின்னே. ஏறுபவர்களே படம்பிடித்ததால் இங்கே கேமராவும் அவர்கள் சுமக்கும் எடையில் ஒன்று. ஆபத்தைப் பகிர்ந்துகொள்ளும் கேமரா என்பதே இப்படத்தின் நேர்மை.

ஃப்ரீ சோலோ (2018)

2017 ஜூன் 3 அன்று அலெக்ஸ் ஹானல்ட், கலிபோர்னியாவின் ஏறத்தாழ 900 மீட்டர் உயரமுள்ள எல் கேபிடன் பாறையில் கயிறின்றி நான்கு மணி நேரத்துக்குள் ஏறினார். அதே இரட்டையர் இயக்கிய இப்படம் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. இதில் படக்குழுவினரும் கதாபாத்திரங்கள். தாங்கள் அங்கிருப்பதே ஹானல்டின் கவனத்தைச் சிதறடித்து அவரைக் கொன்றுவிடுமோ என்று அஞ்சுகின்றனர். ஒளிப்பதிவாளர் ஒருவர் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். படத்தின் உச்சக்காட்சி ஹானல்டின் கைவிரல்கள் அல்ல, அந்தத் திரும்பிய முகம்.

தி ஆல்பினிஸ்ட் (2021)

மார்க் ஆந்த்ரே லெக்லேர் கனடாவின் இளம் மலையேறி. கேமரா உடனிருந்தால் அது தனியேற்றம் ஆகாது என்பது அவர் நிலைப்பாடு. இயக்குநர்கள் பீட்டர் மார்டிமர், நிக் ரோசன் இருவரிடமும் சொல்லாமலேயே போய்ப் பெரிய மலைகளில் தனியாக ஏறினார். 2018 மார்ச்சில், தன் 25-வது வயதில், அலாஸ்காவில் இறந்தார். தன் நாயகன் நழுவிப்போனதை மறைக்காமல் அதையே கதையாக்கியதால் மூன்றில் இதுவே முதிர்ந்த படம்.

விடுபட்டவர்கள்

மூன்று படங்களும் கேமராவைக் கேள்வி கேட்கின்றன. ஆனால் சட்டகத்துக்கு வெளியே நிற்பவர்களை இவை கேட்பதில்லை. மேரு இந்திய மலை. ஆனால் படத்தில் பேசுபவர்கள் ஏறியவர்கள், அவர்களின் குடும்பத்தினர், எழுத்தாளர் ஜான் கிராக்கவர் போன்றோர். கங்கோத்ரி மக்களின் குரலுக்குக் கதையில் இடமில்லை.

இதற்கு மாற்று உண்டு. ஜெனிபர் பீடம் இயக்கிய 'ஷெர்பா' (2015) எவரெஸ்டில் கூலிக்குச் சுமை தூக்குபவர்களைப் பற்றிய படம். படப்பிடிப்புக் காலத்தில், 2014 ஏப்ரல் 18 அன்று, பனிச்சரிவில் 16 நேபாளிகள் இறந்தனர். அதன்பின் வேலைக்குச் செல்ல மறுத்த ஷெர்பாக்களின் கோபத்தைப் படம் பின்தொடர்ந்தது. விரும்பி ஏற்கும் ஆபத்தையும் கூலிக்கு ஏற்கும் ஆபத்தையும் அது அருகருகே வைத்தது.

மதிப்பீடு

இந்த வேறுபாட்டைப் பெரம்பலூர் மாவட்டத்துப் பார்வையாளருக்கு விளக்கத் தேவையில்லை. லப்பைக்குடிக்காட்டிலிருந்து பெரம்பலூர் செல்பவர் ரஞ்சன்குடிக் கோட்டையின் பாறையையும் அறிவார், மாவட்டத்தின் கல்குவாரிகளையும் அறிவார். இங்கே பாறைமுகத்தில் நிற்பவர் துளையிட்டு வெடிவைக்கக் கூலிக்கு வந்தவர். அவர் இறங்கி வந்தால் யாரும் கைதட்டுவதில்லை, விழுந்தால் நாளிதழின் உள்பக்கத்தில் நான்கு வரி.

இதனால் ஹானல்டின் சாதனை சிறிதாகிவிடாது. உடல், மனம் இரண்டின் எல்லையையும் இவ்வளவு தெளிவாகக் காட்டிய படங்கள் குறைவு. ஆனால் ஆபத்தைத் தேர்ந்தெடுக்க முடிவது ஒரு வசதி என்பதை இப்படங்கள் உணர்ந்ததாகத் தெரியவில்லை. அதை உணர்ந்த ஒரு படமாவது இருக்கும் விழா மாலையே முழுமையானது.