இறைச்சிக் கடைக்காரனும் செய்தி வாசிப்பவரும்

திரைக்கதை ஆசிரியர் பேடி சாயெஃப்ஸ்கி என்றதும் எல்லோரும் 1976இல் வந்த 'நெட்வொர்க்' படத்தைத்தான் சொல்கிறார்கள். தொலைக்காட்சி எங்கே போய் நிற்கும் என்பதை முன்கூட்டியே கண்டவர் என்று கொண்டாடுகிறார்கள். கண்டவர்தான். ஆனால் சொன்னது பலித்ததா என்று பார்ப்பது சோதிடரை எடைபோடும் முறை. அவர் படைத்த மனிதர்கள் தங்கள் சொந்த வாயால் பேசுகிறார்களா என்பதே என் கேள்வி.

அதற்கு 1953க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு மே மாதம் என்.பி.சி. தொலைக்காட்சியில் நேரலையாக ஒளிபரப்பான அவரது நாடகம் 'மார்ட்டி'. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஓர் இறைச்சிக் கடைக்காரன். முப்பதைத் தாண்டியும் மணமாகாதவன். தன்னை அழகற்றவன் என்று நம்பிவிட்டவன். ஒரு நடனக் கூடத்தில், தன்னைப் போலவே ஒதுக்கப்பட்ட ஆசிரியை ஒருத்தியைச் சந்திக்கிறான். கதை இவ்வளவுதான். சிறிய அரங்கு, சிறிய திரை, ஒரு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டிய கட்டாயம். முகத்தை நெருங்கிப் பார்ப்பதைத் தவிர அந்த ஊடகத்துக்குப் பெரிய வசதி எதுவும் இல்லை. சாயெஃப்ஸ்கி அந்த ஒன்றையே பற்றிக்கொண்டார்.

இதில் என்னை அசைப்பது காதல் அல்ல, அந்தத் தாய். கல்யாணம் செய்துகொள் என்று மகனை நச்சரித்தவள், தன் சகோதரி தன் மருமகளோடு ஒத்துப்போகாமல் மகன் வீட்டிலிருந்து வெளியேற நேர்வதைப் பார்த்ததும் மாறிவிடுகிறாள். மகன் அழைத்து வந்த பெண்ணைக் குறை சொல்லத் தொடங்குகிறாள். அவள் கெட்டவள் அல்ல. தனக்கும் அதே கதி வந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தை அவள் ஓரிடத்திலும் விளக்குவதில்லை, நமக்குப் புரிந்துவிடுகிறது. நாடகத்தை இயக்கிய டெல்பர்ட் மான் 1955இல் அதையே திரைப்படமாக்கினார். கான் விழாவின் தங்கப் பனை விருதும், சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர்களும் கிடைத்தன. திரைக்கதைக்கானது சாயெஃப்ஸ்கியின் முதல் ஆஸ்கர்.

பிறகு 1971இல் 'தி ஹாஸ்பிட்டல்', அதன்பின் 'நெட்வொர்க்'. இரண்டும் திரைக்கதைக்கான ஆஸ்கர் பெற்றன. துணை எழுத்தாளர் இல்லாமல் மூன்று முறை அந்த விருதைப் பெற்றது பெரிய சாதனை. ஆனால் இந்தப் படங்களில் பாத்திரங்கள் உரையாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். மருத்துவர், செய்தி வாசிப்பவர், நிறுவனத் தலைவர் எல்லோரிடமும் ஒரே சொல்வளம், ஒரே சீற்றம். அந்தச் சீற்றம் நியாயமானது, கேட்கச் சிலிர்க்கிறது. ஆயினும் பேசுவது சாயெஃப்ஸ்கி. 'நெட்வொர்க்'கில் நிகழ்ச்சிப் பிரிவுத் தலைவியான டயானாவைத் தொலைக்காட்சி பெற்ற பிள்ளை என்று படமே தீர்ப்பெழுதிவிடுகிறது. மார்ட்டியின் தாய்க்குக் கிடைத்த பரிவு அவளுக்குக் கிடைக்கவில்லை.

சொல்மேல் இருந்த இந்தப் பிடிவாதம் கடைசியில் அவரையே காயப்படுத்தியது. 'ஆல்டர்டு ஸ்டேட்ஸ்' படத்தில் தான் எழுதிய வசனங்களை இயக்குநர் கென் ரஸல் கையாண்ட விதம் பொறுக்காமல் தன் பெயரை நீக்கச் சொன்னார். 1980இல் படம் வந்தபோது எழுத்தாளர் பெயராக இருந்தது சிட்னி ஆரன், பெற்றோர் அவருக்கு இட்ட பெயர். அடுத்த ஆண்டு இறந்தார்.

ஆகவே என் தீர்ப்பு இது: 'நெட்வொர்க்' பெரிய படம், 'மார்ட்டி' பெரிய எழுத்து. 'நெட்வொர்க்'கிலும் ஒரு காட்சி என் பக்கம் சாட்சி சொல்கிறது. வேறொரு பெண்ணை விரும்புவதாகக் கணவன் ஒப்புக்கொண்டதும் மனைவி லூயிஸ் வெடிக்கும் காட்சி. அவளும் நீளமாகத்தான் பேசுகிறாள். ஆனால் உலகத்தைப் பற்றி அல்ல, இத்தனை ஆண்டு வாழ்ந்த வாழ்க்கையில் தனக்கு மிஞ்சியது என்ன என்பதைப் பற்றி. பிராங்க்ஸ் வீட்டுக் கூடத்தை எழுதிய அதே கை. படம் முழுவதிலும் ஏறத்தாழ ஐந்து நிமிடமே தோன்றும் பியாட்ரிஸ் ஸ்ட்ரெய்ட், அந்த வேடத்துக்காகத் துணை நடிகைக்கான ஆஸ்கரைப் பெற்றார்.