கவாஸ்ஜியின் மூக்கு: பெருமையும் பாடமும்

மூக்கறுபட்டவருக்கு நெற்றித் தோலால் புது மூக்கு அமைத்த நாடு நம் நாடு என்று மேடைகளில் முழங்கக் கேட்டிருப்பீர்கள். பெருமை நியாயமானதே. ஆனால் நாம் அதைச் சொல்லும் முறையில் குறையுண்டு.

சுசுருத சம்ஹிதை கூறுவது கன்னத் தோலால் மூக்கமைக்கும் முறை. நெற்றித் தோல் முறையை ஐரோப்பா பரவலாக அறிந்தது, 1794 அக்டோபரில் லண்டன் 'ஜென்டில்மன்ஸ் மேகசின்' வெளியிட்ட கடிதத்தால். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது சரியன்று.

அக்கடிதம் கூறுவதைப் பாருங்கள். ஆங்கிலேயர் படையில் மாடு ஓட்டிய கவாஸ்ஜி, 1792ஆம் ஆண்டுப் போரில் திப்புவிடம் சிறைப்பட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். பூனாவுக்கருகில் செங்கல் செய்யும் வகுப்பினர் ஒருவர், மெழுகில் மூக்கின் வடிவமெடுத்து, அதை நெற்றியில் விரித்து அளவு குறித்துத் தோலை உரித்தார். கண்களுக்கு நடுவே சிறு இணைப்பை மட்டும் அறுக்காமல் விட்டு, தோலைத் திருப்பிப் பொருத்தினார். காசுக்கட்டி பூசிய துணிகளை வைத்து நான்கு நாள் கலைக்கவில்லை. ஏறக்குறைய 25ஆம் நாளில்தான் இணைப்பை அறுத்தார்.

ஏன் இத்தனை நாள்? அந்த இணைப்பின் வழியேதான் தோலுக்கு இரத்தம் சென்றது. புது இடத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் முளைக்கும்வரை அதுவே உயிர்க்கொடி. இன்றைய மருத்துவரும் ஏறத்தாழ மூன்று வாரம் பொறுக்கிறார்.

கடிதத்திலும் குறையுண்டு. செய்தவரின் பெயர் இல்லை; எத்தனை பேருக்குப் பலித்தது, எத்தனை பேருக்குத் தவறியது என்ற கணக்கும் இல்லை. லண்டனில் ஜோசப் கார்ப்பியூ 1814இல் இதைச் செய்து, 1816இல் நூலாக எழுதினார். எழுதி வைத்ததால் மற்றவர் சோதித்தனர், கலை வளர்ந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். வல்லத்திராக்கோட்டையிலோ வேறு சிற்றூரிலோ, மாட்டுக் கொம்பு கன்னத்தைக் கிழித்தால் என்ன செய்கிறோம்? காப்பித்தூளையோ சுண்ணாம்பையோ அப்புகிறோம். தூள் காயத்தில் புதைந்து கறையாகலாம், கிருமியும் சேரலாம். 'காற்றாட விட்டால் ஆறும்' என்பதும் தவறு. ஈரம் காக்கும் மெல்லிய உறையால் மூடிய மேற்காயம், உலரவிட்டதைவிட விரைவில் ஆறுவதை ஜார்ஜ் வின்டர் 1962இல் பன்றித் தோலில் காட்டினார்.

முகத்தில் இரத்த ஓட்டம் மிகுதி. காயம் நன்றாகவே கூடும். தூய நீரால் கழுவி, சுத்தமான துணியால் அழுத்தி, அன்றே மருத்துவமனை செல்லுங்கள். தையலும் தசைவிறைப்பு ஜன்னித் தடுப்பூசியும் அங்கே கிடைக்கும். புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

முன்னோர் மூக்கை ஒட்டினர் என்று பேசிவிட்டுக் காயத்தில் சுண்ணாம்பு அப்பினால், அந்தப் பெருமையால் யாருக்கு என்ன பயன்?