பயிற்றுநரை அளக்கும் கோல்

களத்தில் ஆடியவரெல்லாம் பயிற்றுநராகச் சிறப்பதில்லை. ஆட்டக்காரர் தம் காலை நம்பி ஆடுகிறார். பயிற்றுநரோ பிறர் காலை நம்பிக் களத்தின் ஓரத்தில் நிற்கிறார். இந்த வேறுபாட்டை உணர்ந்து உயர்ந்தவருள் ஒருவர் மலேசியக் காற்பந்தின் கே. ராஜகோபால். சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் ஆடியவர் அவர். எனினும், பயிற்றுநராக ஆற்றிய பணியே அவர் பெயரை நிலைநிறுத்தியது.

2009-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மலேசியா ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிடம் 0-5 எனத் தோற்றது. அவ்வாண்டின் இடையில் ராஜகோபால் பொறுப்பேற்றார். அவர் நாடியது இளைஞரையே. ஆண்டிறுதியில் லாவோசில் நடந்த சீ விளையாட்டில், 23 வயதுக்குட்பட்டோர் குழு வியட்நாமை 1-0 என வென்று தங்கம் பெற்றது. 1989-க்குப் பின் கிட்டிய முதல் தங்கம் அது. அவ்விளைஞருள் பலர் தேசியக் குழுவிலும் இடம்பெற்றனர்.

அவரது பணியின் உண்மையான உரைகல் 2010 டிசம்பர் மாதமே. சுசுகி கிண்ணப் போட்டியின் முதல் ஆட்டத்தில், டிசம்பர் 1 அன்று, ஜகார்த்தாவில் இந்தோனேசியா மலேசியாவை 5-1 என வீழ்த்தியது. குழு சிதறியிருக்கலாம்; சிதறவில்லை. தாய்லாந்துடன் 0-0 எனச் சமன் கண்டது. லாவோசை 5-1 என வென்றது. அரையிறுதியில் வியட்நாமை வெளியேற்றியது. புக்கிட் ஜாலிலில் நடந்த இறுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தில், இடைவேளைக்குப் பின் சாபி சாலி இரண்டும் அஷாரி ஒன்றுமாக மூன்று கோல்கள் விழுந்தன. டிசம்பர் 29 அன்று, முன்பு தோற்ற அதே ஜகார்த்தா அரங்கில், இளம் கோல் காவலர் கைருல் பாமி பினால்டியைத் தடுத்தார். அவ்வாட்டத்தில் மலேசியா 1-2 எனத் தோற்றபோதிலும், மொத்தத்தில் 4-2 எனக் கிண்ணத்தை முதன்முறையாக வென்றது. முதல் தோல்விக்கும் கிண்ணத்துக்கும் இடைப்பட்டவை 28 நாள்களே. அந்நாள்களில் ஆட்டக்காரரின் மனம் உடையாது காத்ததே ராஜகோபாலின் தலையாய சாதனை எனலாம்.

குறைகளையும் மறைத்தல் கூடாது. 2011-இல் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரிடம் 3-5, 1-1 என ஆடி மலேசியா வெளியேறியது. 2012-இல் புக்கிட் ஜாலிலிலேயே மீண்டும் சிங்கப்பூரிடம் 0-3 எனத் தோற்றது. அரையிறுதியில் தாய்லாந்து வழிமறித்தது. ஒருமுறை பலித்த வழி என்றும் பலிப்பதில்லை, எதிரணியும் கற்றுக்கொள்ளும். 2013-உடன் அவரது பொறுப்பு முடிவுற்றது.

கிண்ணம் வந்தபோது அவரைத் தோளில் தூக்கியவரும் தோல்வி வந்தபோது தூற்றியவரும் ஓரளவுகோலையே கையாண்டனர். அது முடிவுப் பலகை. பயிற்றுநரை அளக்க அது மட்டும் போதாது. தேர்வு முடிவைக் கொண்டு மட்டும் ஆசிரியரை அளப்பதும் இத்தகையதே. முதல் தேர்வில் தவறிய மாணவனை அவர் அடுத்த நாள் எவ்வாறு வகுப்பில் அமர்த்தினார் என்று கேட்பதே முறை. அவ்வளவுகோலால் நோக்குவோமாயின், ராஜகோபாலின் பெருமை கிண்ணத்தை ஏந்திய இரவில் தொடங்கவில்லை. ஐந்து கோல்கள் வாங்கிய இரவிலேயே தொடங்கியது.